அறுபத்தோராவது பிள்ளை

ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வா வா என்று மைக் வைத்துக் கூப்பிடுகிற ஆசிரியன் நான். பெயர் அருண்குமார். குமராட்சிப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பதினோரு வருடமாக வேலை. என் சொந்த மகள் வெண்மதிக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. அவள் எந்தப் பள்ளிக்கூடத்து வாசலையும் மிதித்ததில்லை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

முடிவெடுத்தது என் மனைவி சரண்யா. கடலூர் தேவனாம்பட்டினத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பு ஒரு நர்சரிப் பள்ளியில் நான்கு வருடம் பாடம் நடத்தியவள். எல்.கே.ஜி.யில் பெஞ்சில் தலை வைத்துத் தூங்கிய ஒரு பிள்ளையை எழுப்பவில்லை என்று அவளுக்கு மெமோ கொடுத்தார்களாம். தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்புகிற இடத்துக்குத் தன் பிள்ளை எட்டு வயது வரைக்கும் போகாது என்று வெண்மதி பிறப்பதற்கு முன்பே தீர்மானம் போட்டுவிட்டாள். நான் எதிர்த்துப் பேசினேன். எங்கள் வீட்டில் நான் எதிர்த்துப் பேசினால் அந்தக் காரியம் சீக்கிரம் நடக்கும்.

ஆக, சிதம்பரத்தில் எங்கள் வாடகை வீட்டு அடுக்களையில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. பக்கத்து வீட்டு லூர்துசாமி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பொழுது போகாத நேரத்தில் வெண்மதியைக் கூப்பிட்டு விசாரிப்பார். உங்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பது யார் என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். குக்கர் என்றாளாம். மூன்று விசில் வந்தால் இன்டர்வல். ஹெட்மிஸ்ட்ரஸ் யார் என்றதற்கு, அம்மா, ஆனால் அம்மா குளிக்கப் போனால் நான் என்று பதில். அவர் அதை வாசல் வாசலாகச் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

இன்னொரு நாள் சரண்யாவுக்கு விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தாள். 'எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. அதனால் விளையாட வேண்டும். ஒருநாள் லீவு தரவும். இப்படிக்கு வெண்மதி.' பதினோரு வருடத்தில் எத்தனையோ விடுப்புக் கடிதம் வாங்கியிருக்கிறேன். எல்லாம் காய்ச்சல், வயிற்றுவலி. ஒரு பையனின் மாமாவுக்கு ஒரே வருடத்தில் மூன்று தடவை கல்யாணம் நடந்தது. இப்படி உள்ளதை உள்ளபடி எழுதின கடிதத்தை நான் பார்த்ததில்லை. சரண்யா அன்றைக்கு லீவு கொடுத்தாள். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

இந்த வருடம் ஜூனில் எனக்குச் சனி பிடித்தது. எங்கள் பள்ளியில் மூன்று ஆசிரியர்கள். தலைமை ஆசிரியர் ராஜமாணிக்கம், ராமாமிர்தம் டீச்சர், பிறகு நான். அறுபது பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர் போதும். அறுபத்தொன்று ஆனால் மூன்று பேர். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி தலையை எண்ணுவார்கள். எங்கள் பதிவேட்டில் மிகச்சரியாக அறுபது பேர் இருந்தார்கள். இன்னும் ஒரு தலை கூடாவிட்டால் கடைசியாக வந்த நான் உபரி. உபரியை எங்கே காலியிடம் இருக்கிறதோ அங்கே தூக்கிப் போடுவார்கள். காலியிடம் திட்டக்குடிப் பக்கம் என்று ராஜமாணிக்கம் சார் விசாரித்து வைத்திருந்தார். பரிசோதனை முடிவு சொல்கிற டாக்டர் மாதிரி என் தோளைத் தட்டிவிட்டுச் சொன்னார்.

திட்டக்குடி எங்கள் மாவட்டத்தின் மேற்குக் கோடி. விருத்தாசலம் போய் பஸ் மாற வேண்டும். இப்போது நான் ஆற அமர நாலு இட்லி தின்றுவிட்டு பைக்கை எடுத்தால் அரைமணியில் பள்ளிக்கூடம். அங்கே போனால் விடியற்காலையில் ஓடி, இருட்டின பிறகு வீடு திரும்ப வேண்டும். கல்விச் சேவைக்கு எல்லை கிடையாது என்று கூட்டங்களில் நானும் பேசியிருக்கிறேன். ஆனால் இட்லிக்கு எல்லை உண்டு.

அறுபத்தோராவது பிள்ளையைத் தேடி மூன்று வாரம் தெருத் தெருவாக அலைந்தேன். பேனர் பிடித்து, பறை அடித்து, பேரணி போனோம். நடவு வேலைக்குப் போகிற குப்பு என்ற பெண் தன் மகன் ஆகாஷை வேன் வருகிற இங்கிலீஷ் பள்ளியில் போட்டிருந்தாள். அவள் வீட்டு வாசலில் நின்று அரசுப் பள்ளியின் அருமை பெருமைகளை மைக்கில் அடுக்கினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரி சார். ஒங்க புள்ள எங்க படிக்குது?"

அரசுப் பள்ளி ஆசிரியன் ஒவ்வொருவனையும் பார்த்து ஊர் கேட்கிற கேள்விதான். அதற்கென்று நான் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். கடலூரில் மாமியார் வீட்டோடு தங்கிப் படிக்கிறாள் என்றேன். குப்பு தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். வேனும் வந்து ஆகாஷை ஏற்றிக்கொண்டு போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினத்துக்குப் போயிருந்தோம். சரண்யாவின் அண்ணன் பஞ்சநாதன் ஃபைபர் படகு வைத்திருக்கிறான். அவன் மகள் சினேகா நான்காம் வகுப்பு. வகுப்பில் ஃபர்ஸ்ட் ரேங்க் என்று அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். நீ எத்தனையாவது ரேங்க் என்று அவள் வெண்மதியைக் கேட்டதும் எனக்குக் கூசியது. வெண்மதிக்குக் கூசவில்லை. எங்கள் ஸ்கூலில் ஃபர்ஸ்ட் ரேங்க் நான்தான், கடைசி ரேங்க்கும் நான்தான், ஒருநாள் ஃபெயிலானேன், அன்றைக்கு மொத்த ஸ்கூலும் ஃபெயில் என்றாள். பஞ்சநாதன் கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் என் பஞ்சாயத்தைக் கேட்டான். ஒரே ஒரு பிள்ளை குறைகிறது என்று மூக்கால் அழுதேன். அவன் என்னையும் வெண்மதியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கையில வெண்ணெய வச்சிகிட்டு நெய்க்கு அலையிறியே மச்சான்."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். வீட்டில் இருக்கிற பிள்ளையைப் பிள்ளையாக நினைக்கிற பழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. பதிவேட்டில் ஏறினால்தான் பிள்ளை.

சரண்யா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் இரண்டு நிபந்தனை போட்டாள். ஒன்று, ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வரைக்கும்தான். இரண்டு, பிள்ளையிடம் உள்ளதைச் சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டும். மிட்டாய் தருகிறேன், ஊஞ்சல் இருக்கிறது என்றெல்லாம் ஏமாற்றக்கூடாது. சரி என்று வெண்மதியை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். ஒரு ஆள் குறைகிறது, நீ வராவிட்டால் அப்பா திட்டக்குடிக்குப் போக வேண்டியிருக்கும் என்றேன்.

"திட்டக்குடில பசங்க இல்லியா?"

"இருக்காங்க."

"அப்ப அவுங்களுக்கு வாத்தியார் வேணாமா?"

கோபம் வந்தது. அதெல்லாம் உனக்குப் புரியாது என்றேன். அவளுக்கு நன்றாகப் புரிந்திருந்தது, அதுதான் கோபம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எல்லாருமே திட்டக்குடிக்குப் போய்விடலாமே, நம் ஸ்கூலுக்கு ஒரு குக்கரைத் தூக்கிக்கொண்டால் போதும் என்று வேறு வழியும் சொன்னாள். வாடகை வீட்டு முன்பணம், தண்ணீர் வசதி என்று நான் என்னென்னவோ உளறினேன். கடைசியில் அவளே இரக்கப்பட்டு, ஒன்றாம் தேதி வரைக்கும் வருகிறேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பதிலுக்கு என்னையும் செய்யச் சொன்னாள். ஒன்றாம் தேதிக்கு மேல் ஒருநாள்கூடக் கேட்க மாட்டேன் என்று நானும் அடித்துக் கொடுத்தேன்.

ஜூலை முதல் வாரம் இரண்டாம் வகுப்பில் அவளைச் சேர்த்தேன். ராஜமாணிக்கம் சார் பேனாவைத் திறந்து அறுபத்தொன்று என்று எழுதிவிட்டு எனக்குக் கை கொடுத்தார். கடலூரில் படித்த பிள்ளையா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மூடியைப் போட்டார். அவர் முப்பது வருடம் சர்வீஸ் போட்டவர். எதைக் கேட்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும்.

முதல் மூன்று வகுப்பும் ஒரே அறையில் என்னிடம்தான். வருகைப் பதிவில் வெண்மதி என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டதும், நீதானே பைக்கில் கூட்டி வந்தாய் என்றாள். வகுப்பு சிரித்தது. எல்லாரும் 'உள்ளேன் ஐயா' என்று சொல்ல வேண்டும், இங்கே என்னை அப்பா என்று கூப்பிடக்கூடாது, சார் என்று கூப்பிட வேண்டும் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். பைக்கில் வரும்போது அப்பாதானே, எந்த இடத்தில் சார் ஆகிறாய் என்று கேட்டாள். பள்ளிக்கூட கேட்டுக்குள் நுழைந்ததும் என்றேன். மறுநாளிலிருந்து பைக் கேட்டைத் தாண்டின அந்த நொடியில், பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்தபடியே கும்பிட்டு வணக்கம் சார் என்பாள். சாயங்காலம் வெளியே வந்ததும், அப்பா, இன்றைக்கு ஒரு சார் என்னைத் திட்டினார் என்று என்னிடமே புகார் சொல்வாள்.

ஏழும் ஐந்தும் எத்தனை என்று வகுப்பில் கேட்டேன். உங்களுக்குத் தெரியாதா சார் என்றாள். தெரியும் என்றேன். தெரிந்தால் ஏன் கேட்கிறீர்கள் என்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் தனக்குத் தெரியாததைத்தான் கேட்பாள். கத்திரிக்கோல் எங்கே, டப்பாவில் துவரம்பருப்பு எவ்வளவு இருக்கிறது, இந்த எறும்பெல்லாம் எங்கிருந்து வருகிறது. பதில் தெரிந்துகொண்டே கேள்வி கேட்கிற என் தொழில் அன்றைக்குத்தான் எனக்கே கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. இன்டர்வல் மணி அடித்ததும் எல்லாருக்கும் எப்படி ஒரே நேரத்தில் ஒண்ணுக்கு வருகிறது என்று ராமாமிர்தம் டீச்சரைக் கேட்டிருக்கிறாள். டீச்சர் என்னிடம் வந்து, உங்கள் பெண் ஜாஸ்தி பேசுகிறாள் சார் என்றார்.

பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பத்து நாளில் என் அறையில் கேள்வி கேட்கிறவர்கள் நாலைந்து பேர் ஆனார்கள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. சத்துணவில் முட்டை வைக்கும்போது மட்டும் வேண்டாம் என்றுவிடுவாள். நான் ஆள் குறைகிறது என்று வந்தவள், ஒன்றாம் தேதி போய்விடுவேன், முட்டையைப் படிக்கிற பிள்ளைக்குக் கொடுங்கள் என்று ஆயாவிடம் விளக்கமும் சொல்வாள். ஆயா சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னபோது நானும் சிரித்தேன். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். புத்தி எனக்கு எப்போதும் ஒரு பஸ் பிந்தித்தான் வரும்.

ஜூலை இருபத்தெட்டாம் தேதி வட்டாரக் கல்வி அலுவலர் ரேகா மேடம் வந்தார். ஒன்றாம் தேதிக்கு முன்பே ஒருதரம் நேரில் தலையை எண்ணிவிடுவது என்று வந்திருந்தார். நான் காலையிலிருந்து பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவதும், கரும்பலகை துடைப்பதும், பிஸ்கட் வாங்கக் கடைக்கு ஓடுவதுமாக இருந்தேன். மேடம் நல்ல மாதிரி. ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தவர் வெண்மதியிடம் நின்றார். ராஜமாணிக்கம் சார் முந்திக்கொண்டு, இது நம் அருண்குமார் சாருடைய பெண், சொந்தப் பிள்ளையையே இங்கே சேர்த்திருக்கிறார் என்றார். மேடத்துக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. இந்த ஒன்றியத்தில் இப்படி ஒரு ஆசிரியரை நான் பார்த்ததில்லை, கூட்டத்தில் எல்லாருக்கும் சொல்வேன் என்றார். நான் நெளிந்தேன். பாராட்டு இன்னும் இரண்டு வாக்கியம் நீளாதா என்றும் இருந்தது. மேடம் குனிந்து, பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா என்று வெண்மதியைக் கேட்டார்.

"புடிச்சிருக்கு. ஆனா ஒண்ணாந்தேதி வரைக்கும்தான். அப்புறம் எங்க வூட்டு ஸ்கூலுக்குப் போயிடுவேன்."

ஏனம்மா என்றார் மேடம்.

"இங்க ஒரு ஆளு கொறையுது. எங்கப்பா திட்டக்குடி போவக் கூடாதுல்ல, அதுக்குத்தான் வந்துருக்கேன்."

பெரிய உதவி செய்துகொண்டிருக்கிறவளின் அடக்கத்தோடு அதைச் சொன்னாள். மேடம் நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் இல்லை. என்ன சார் சொல்கிறாள் உங்கள் பெண் என்று கேட்டார். ராஜமாணிக்கம் சார் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தார். அறுபது பேர், அறுபது பேர் என்று என் காதுக்குள் கேட்டது. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு தெரிந்தது.

"சும்மா பொய் சொல்றா மேடம்" என்றேன். "கதை கட்டுறதே இவளுக்கு வேலை. வீட்ல செல்லம் ஜாஸ்தி."

மேடம் என்னையே பார்த்தார். அப்படியென்றால் தொடர்ந்து இங்கேதான் படிப்பாளா என்றார். ஆமாம் மேடம், ஐந்தாவது முடிக்கிற வரைக்கும் என்றேன். அவர் கேட்டது ஒன்று, நான் கொடுத்தது நான்கு வருடம். பிள்ளைகள் சிரித்தார்கள். சார் மகள் பொய் சொல்லி மாட்டிக்கொண்டாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? மேடம் வெண்மதியின் கன்னத்தைத் தட்டி, பொய் சொல்லக்கூடாது கண்ணு என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

வெண்மதி அழுதிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் அழவில்லை. கணக்குப் போடும்போது மேலே பார்ப்பாளே, அந்த மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

மேடத்தின் கார் கிளம்பிப் போனதும் ராஜமாணிக்கம் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நீங்கள் பிஸ்கட் வாங்கப் போயிருந்தபோது குப்பு வந்தாள், ஆகாஷை வேன் பள்ளியிலிருந்து நிறுத்திக் கூட்டிவந்து நாலாவதில் சேர்த்துவிட்டாள் என்றார். சார் பிள்ளையே இங்கே படிக்கிறது என்றால் என் பிள்ளையும் படிக்கட்டும் என்றாளாம். மொத்தம் அறுபத்திரண்டு பேர். வெண்மதியைக் கழித்தாலும் அறுபத்தொன்று. இதை ஏன் சார் அப்போதே சொல்லவில்லை என்று பல்லைக் கடித்தேன். அதிகாரி முன்னால் கேட்காமல் நான் எதையும் சொல்கிறதில்லை சார் என்றார். அவர் சர்வீஸ் அப்படி.

ஆக, பொய்யே தேவைப்பட்டிருக்கவில்லை. சொன்ன பிறகு திரும்ப வாங்கவும் முடியாது. வெண்மதியை நிறுத்தினால் குப்பு ஆகாஷை நிறுத்துவாள். மேடமும் விட மாட்டார். ஒன்றாம் தேதி என்று கையில் அடித்துக் கொடுத்த சத்தியம் நான்கு வருடத்துக்குக் காணாமல் போயிற்று.

சாயங்காலம் கேட்டைத் தாண்டியும் அவள் அப்பா என்று கூப்பிடவில்லை. சார் என்றும் கூப்பிடவில்லை. மற்ற நாளில் சிதம்பரம் வரைக்கும் வாய் ஓயாது. கொக்கு ஏன் மாட்டு மேல் உட்காருகிறது, மினிபஸ் டிரைவருக்கு ஏன் மீசை என்று கேட்டுக்கொண்டே வருவாள். அன்றைக்கு வண்டிச் சத்தம் மட்டும்தான். ஐஸ்கிரீம் வாங்கித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். ஊருக்குள் நுழையும்போதுதான் பேசினாள்.

"இப்ப திட்டக்குடி போவ வேணாமா?"

"வேணாம்."

"நெஜமா?"

"நெஜமாத்தான்."

சரி என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, நீ பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். தெற்கு வீதி முழுக்கச் சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். டிராஃபிக் அதிகமாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சரண்யா வேர்க்கடலை அவித்து வைத்திருந்தாள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து உரித்துத் தின்றோம். இன்னும் நாலு நாள்தான், அப்புறம் நம் ஸ்கூல் என்று சரண்யா வெண்மதியின் முதுகைத் தடவினாள். ஆபீசர் வந்தார்களாமே என்றாள். நான் கடலை ஓட்டை நசுக்கிக்கொண்டு வெண்மதி வாயைத் திறக்கக் காத்திருந்தேன். எல்லாவற்றையும் சொல்லப்போகிறாள், சரண்யா என்னைக் கிழிக்கப்போகிறாள். எனக்கு அது வேண்டியதுதான், சீக்கிரம் நடந்து முடிந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"ஒன்ன ஏதாச்சும் கேட்டாங்களா?" என்றாள் சரண்யா.

வெண்மதி ஒருதரம் என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு கடலையை உடைத்து, இரண்டு பருப்பில் ஒன்றை அம்மா கையில் வைத்தாள்.

"பேரு கேட்டாங்க. சொன்னேன்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லம்மா."

தடுமாறவில்லை, கண்ணைத் தாழ்த்தவில்லை. அவ்வளவு சுத்தமாகச் சொன்னாள். சரண்யா நம்பிவிட்டாள். நம்பாமல் இருக்க அவளுக்கு இதுவரை ஒரு காரணமும் இருந்ததில்லை. அப்படியா என்பது போல என் பக்கம் திரும்பினாள்.

"ஆமா, பேருதான் கேட்டாங்க" என்றேன்.